பின் பிரேக் பேட் மாற்றப்போய் பிஸ்டனோடு மல்லுக்கட்டிய கதை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் சரியாகக் காதில் விழுந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டால் பின்பக்கம் இடது சக்கரத்தில் 'கீச்', அழுத்தி மிதித்தால் ஒன்றும் இல்லை. வண்டி பழைய ஸ்கோடா லாரா, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கோவை வந்ததும் அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்க பேட் 5 மில்லிமீட்டராவது இருந்தது, சரி, தூசியாக இருக்கும் என்று இன்னும் பத்து நாள் ஓட்டினேன். உள்பக்க பேடை நான் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு (இதை மறந்தால், பேடுகளை டிஸ்க்கோடு நெருக்கிப் பிடிக்கும் காலிப்பரே வெளியே வராது) ஜாக்கி ஏற்றி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்தேன். காலிப்பர் போல்ட்டுக்கு 13 ஸ்பேனர். ஆனால் திருகினால் உள்ளே இருக்கும், காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடர் பின்னும் சேர்ந்து சுற்றுகிறது, அதை 15 ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், என்னிடமிருந்த 15 தடிமனாக இருந்ததால் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரர் கிரைண்டரில் வைத்து இரண்டு நிமிடத்தில் மெலிதாக்கிக் கொடுத்தார். கோவையில் இருப்பதில் இது ஒரு வசதி.

காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். அப்போதுதான் உள்பக்க பேட் கையில் வந்தது. ஒரு ஓரத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. கீழ் ஸ்லைடர் பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அது நகராவிட்டால் காலிப்பரும் நகராது, பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள்பக்க பேட் மட்டும் தேயும்.

அடுத்தது பிஸ்டன். புது பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். முன்சக்கரத்தில் செய்த மாதிரியே ஜி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அசையவில்லை. இன்னும் இறுக்கினேன், கிளாம்ப்தான் வளைந்தது. ஒரு மணி நேரம் போராடியபின் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். சிரித்துவிட்டு, "அழுத்துனா போகாதுங்க தம்பி, திருகோணும்" என்றார்.

ஹேண்ட்பிரேக் வேலை செய்வதும் இதே காலிப்பரில்தான். உள்ளே ஒரு மரை இருக்கிறது, பேட் தேயத் தேய பிஸ்டன் அதன்மேல் முன்னால் வந்துகொண்டே இருக்கும். திரும்பப் போக வேண்டுமானால் கடிகாரச் சுற்றில் திருகிக்கொண்டே அழுத்த வேண்டும், வெறுமனே நெருக்கினால் அந்த மரைதான் போகும். பிஸ்டன் முகத்தில் இருக்கும் இரண்டு வெட்டுகளும் அதற்குத்தான். அதுவரை அவை எதற்கென்றே நான் யோசிக்கவில்லை. அண்ணனிடமே அந்த டூலை வாங்கிவந்து மாட்டினேன், வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. பிஸ்டன் போகப் போக மேலே பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துவிட்டேன். ஒரு சொட்டு பெயின்ட்டில் பட்டதும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பின்னைச் சுரண்டி சிலிகான் கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மாட்டி, வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இடது பக்கத்துக்கு மூன்று மணி நேரம், வலது பக்கத்துக்கு நாற்பது நிமிடம்.

வண்டியை எடுக்கும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துவிடுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருந்ததால் முதல் மிதியில் என் கால் நேராகத் தரைக்குப் போனது, ஐந்தாறு மிதிக்குப் பிறகுதான் கெட்டியானது. கேட்டைத் தாண்டியபின் அது நடந்திருந்தால் எதிர்வீட்டு மதில்தான் வண்டியை நிறுத்தியிருக்கும்.