கோர் த கார்த் மலை முருகன்: மொரீஷியசில் ஒரு தைப்பூசம்

தைப்பூசத்தைப் பனியோடு சேர்த்தே நினைத்துப் பழகியவன் நான். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு, தை மாதத்து விடியற்காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மயிலம் மலை ஏறுவதுதான் தைப்பூசம். இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில் இருக்கும் மொரீஷியசிலோ தை மாதம் கடுங்கோடை. புயல்கள் சுற்றிவரும் காலமும் அதுவே. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நிற்பவரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. அந்த வெயிலில், இருபுறமும் பால் சொம்பு தொங்கும் காவடியைத் தோளில் ஏற்றி, தார்ச்சாலையில் மணிக்கணக்காக நடந்து, மலைச்சரிவில் உள்ள முருகனுக்கு அந்தப் பாலைத் திரியாமல் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அந்தத் தீவின் தமிழர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட நோன்பு. அதைக் கண்ணால் காண வேண்டும் என்று என் மனைவி நெடுநாளாகச் சொல்லிவந்தாள். பள்ளியில் படித்த பிரெஞ்சு ஓரளவு கைகொடுக்கும் என்ற துணிவில் இருவரும் புறப்பட்டோம்.

தலைநகரான போர்ட் லூயிசில் முதலில் நாங்கள் தரிசித்தது சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலை. ஊர்மக்கள் அதைக் கைலாசோன் என்கிறார்கள். கைலாசம் என்ற சொல் பிரெஞ்சு மூக்கொலியில் நனைந்து அப்படி ஆகியிருக்கிறது. இந்த ஒலிமாற்றம் பிடிபட்டுவிட்டால் தீவின் கடைப்பலகைகளையெல்லாம் வாசிக்கும் திறவுகோல் கிடைத்துவிடும். வீரப்பன் அங்கே வீராப்பென், கோவிந்தன் கோவிண்டென், சுப்பிரமணியன் சூப்ரமானியென். ஆங்கில, பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதிய தந்தை பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்து, பல தலைமுறைகளாக அப்படியே நிற்கின்றன.

கோவிலுக்குள் நுழைந்தால் கோபுரம், கொடிமரம், பலிபீடம், சன்னிதிகள், நெய்யும் கற்பூரமும் கலந்த மணம் என்று எதுவும் அயலாகத் தோன்றவில்லை. உண்டியலில் காணிக்கை இடுவதற்காகப் பையிலிருந்து மொரீஷியசின் நூறு ரூபாய்த் தாளை எடுத்த என் மனைவி, அதைப் போடாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில் தமிழ் எழுத்து இருந்தது. படத்தில் இருந்தவரோ ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளி வழக்கறிஞர், அரசியல் தலைவர். மொரீஷியசின் பணத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு, அதற்குக் கீழே இந்திக்கு என்பது நெடுநாள் வழக்கம். 1998இல் வெளியான புதிய தாள்களில் இந்த வரிசை மாறி, தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியபோது, தமிழ்ச் சமூகம் திரண்டெழுந்து எதிர்த்தது. அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. அன்றாடம் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி பேசி, பிரெஞ்சில் நாளிதழ் படித்து, ஆங்கிலத்தில் அலுவலகக் கோப்பு எழுதும் மக்கள், தங்களில் பெரும்பாலோரால் சரளமாக வாசிக்க முடியாத ஒரு வரிக்காக அப்படி நின்றார்கள் என்பதை நினைத்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. என் மனைவி அந்தத் தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேறு தாளை உண்டியலில் போட்டாள்.

இந்தத் தீவின் தமிழர் வரலாறு கரும்புத் தோட்டத்தில் தொடங்குவதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அதற்கும் நூறாண்டு முந்தியது. 1598இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மோரிசின் பெயரை இட்டுவிட்டு, குடியேறிப் பார்த்து, 1710இல் தீவைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயிசைத் துறைமுக நகரமாக எழுப்புவதற்குப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்களோடு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியரும் இருந்தனர். பிரெஞ்சுக்காரர் தமிழரை 'மலபார்' என்றே அழைத்ததால், நகரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர் விழுந்தது. ஆளுநர் லபூர்தொனே 1746இல் இந்தத் தீவிலிருந்து கப்பற்படையோடு கிளம்பி வந்துதான் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். பிடித்த கோட்டையை என்ன செய்வது என்பதில் எங்கள் ஊர் ஆளுநர் டூப்ளேயோடு அவருக்குப் பெரும் பூசல் மூண்டது. எங்கள் கடற்கரையில் டூப்ளே சிலையாக நிற்கிறார். போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் முன்னே லபூர்தொனே சிலையாக நிற்கிறார். நடுவில் ஒரு பெருங்கடல் கிடப்பது இருவருக்குமே நல்லது என்று தோன்றியது.

கோவிலிலிருந்து துறைமுகம் தொலைவில் இல்லை. அங்கே ஆப்ரவாசி காட் என்னும் கல்படிகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரைக் கொண்டுவரும் ஏற்பாடு 1834இல் தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்திறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த இடத்தில், கப்பலிலிருந்து இறங்கியவர்கள் மிதித்து ஏறிய படிகள் இன்றும் இருக்கின்றன. படிகளில் ஏற அனுமதியில்லை. என் மனைவி குனிந்து, தரையை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் கங்கா தலாவ் சென்றோம். மலைமேட்டில், அணைந்த எரிமலையின் வாயில் தேங்கிய ஏரி அது. 1897 அளவில் வடக்கே திரியோலே என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பூசாரி, இந்த நீர் கங்கையோடு தொடர்புடையது என்று கனவு கண்டாராம். அடுத்த ஆண்டே பக்தர்கள் நடந்துவரத் தொடங்கினார்கள். அதுவரை பரி தலாவ், அதாவது தேவதைகளின் ஏரி என்று வழங்கிய இடம், 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்த பிறகு கங்கா தலாவ் ஆயிற்று. கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் நிற்கிறார். மகா சிவராத்திரிக்குத் தீவெங்குமிருந்து மக்கள் காவடி போன்ற காவர் சுமந்து நடந்துவருகிறார்கள். நாங்கள் சென்றது சாதாரண நாள் என்பதால், மூடுபனியும், வாழைப்பழத்துக்காகக் காத்திருந்த குரங்குகளும்தான் உடன் இருந்தன. அந்தப் பேருருவச் சிலையைவிட, ஏரியின் அமைதியே எனக்குப் பிடித்திருந்தது.

தைப்பூசத்தன்று நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. அதிகாலையில் எங்களைக் காத்ர் போர்ன் நகருக்கு அழைத்துச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரிடம், "நீங்களும் இந்துவா?" என்று கேட்டேன். "இல்லை, நான் தமிழ்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. மொரீஷியசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் இந்து என்பதைப் போலவே தமிழ் என்பதும் ஒரு விடையாகப் பதிவாகிறது. நாம் மொழி என்று சொல்வதை அவர்கள் வழிபாடு என்று சொல்கிறார்கள். அந்த நாளின் முடிவில் அந்த விடை எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

காவடி நோன்பு கொடியேற்றத்தோடு தொடங்கிப் பத்து நாள் நடக்கிறது. அந்த நாட்களில் வீட்டில் புலால் இல்லை, மது இல்லை. மாலைதோறும் கோவிலில் பூசை. பூசத்தன்று காலை ஆற்றங்கரையில் கூடுகிறார்கள். நாங்கள் சென்றபோது கரை முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. நம் ஊரில் முருகனுக்குப் பச்சையும் காவியும்; அங்கே ஆணும் பெண்ணும் குழந்தையும் கண்ணைப் பறிக்கும் அடர் ரோஜா நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். வளைத்துக் கட்டிய மரச்சட்டத்தில் தென்னங்குருத்தை மடித்துப் பின்னி, பூவும் மயிற்பீலியும் செருகி, இரு முனைகளிலும் பித்தளைச் சொம்பைக் கட்டுவதுதான் காவடி. ஒரு சிறுவனின் காவடிக்கு அவன் பாட்டி சொம்பு கட்டியதை அருகே நின்று பார்த்தேன். பாலை ஊற்றி, வாயை வாழையிலைத் துண்டால் மூடி, நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, முடிச்சின் மேல் மஞ்சளைத் தடவி, கடைசியில் சொம்பைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிக் கேட்டார். தளும்பும் ஓசை அவருக்கு நிறைவாக இருந்திருக்க வேண்டும், பேரனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு அலகு குத்துதல். நாக்கிலும் கன்னத்திலும் சிறு வேல்கள், முதுகு முழுவதும் வரிசையாக எலுமிச்சம்பழம் தொங்கும் கொக்கிகள், சிலருக்கு ஆணி பதித்த பாதக்குறடு. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன், ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அலகு குத்திக்கொண்டவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும், சீன முகத்தோடு ஓர் இளைஞரும் இருந்தனர். அவர்களை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. வேண்டுதல் உள்ளவர் காவடி எடுக்கிறார், அவ்வளவுதான்.

ஊர்வலம் நகர்ந்தது. சாலையோர வீடுகளிலிருந்து குழாய் வைத்துத் தார்ச்சாலையில் தண்ணீர் பீய்ச்சி, நடப்போரின் பாதத்தைக் குளிர்வித்தார்கள். பின்னால் சென்ற பாடல் குழுவோடு நானும் சேர்ந்துகொண்டேன். பாடிய இளைஞரின் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தபோது, திருப்புகழ் முழுவதும் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த எழுத்தில் லகரம், ளகரம் என்ற வேறுபாடு இல்லை. ழகரத்துக்கு இட்டிருந்த எழுத்தை அவர் பிரெஞ்சு முறையில் ஜகரமாக ஒலித்தார். பொருள் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டேன். "கொஞ்சம்" என்று சிரித்தார். ஆனால் சந்தம் ஓரிடத்திலும் தவறவில்லை. அருணகிரியார் கேட்ட தாளம் அவர் தொண்டையில் பழுதில்லாமல் இருந்தது. திருத்தலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டு, அவர் பாடியபடியே நானும் பாடினேன்.

720 மீட்டர் உயரமுள்ள கோர் த கார்த் மலையின் சரிவில் சிவசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. காவற்கூடம் என்று பொருள்படும் அந்தப் பெயர் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் வந்தது. மலை ஏறும் படிகளின் அடியில் ஊர்வலம் சற்றே தேங்கியது. உச்சி வெயில்; என் நிழலைத் தேடினேன், காணவில்லை. முன்னால் நின்ற அந்தச் சிறுவனின் கால் நடுங்கியது. பாட்டி அவன் காவடியைத் தொடவில்லை. அவன் காதில் "அரோகரா" என்று மட்டும் சொன்னார். அவன் உரக்கத் திருப்பிச் சொன்னான், படி முழுவதும் எதிரொலித்தது, அவன் ஏறினான்.

சன்னிதியில் அலகைக் களைந்த பிறகு சொம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பாட்டி நூலை அவிழ்த்து இலையை நீக்கி உள்ளே பார்த்தார். பால் திரியவில்லை. குருக்கள் வாங்கி வேலவன் திருமுடியில் ஊற்றியபோது அது வெள்ளையாய், ஒரே தாரையாய் இறங்கியது. அறிவியல் இதற்கு என்ன சொல்லும் என்று அந்தக் கணத்தில் நான் யோசிக்கவில்லை. என் கைகள் தாமாகக் குவிந்திருந்தன.

நோன்பு முடிவில் 'சேத் காரி' என்னும் ஏழு கறி விருந்து. பந்தியில் வாழையிலையில் சோறும், இளம்பலா, பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய் போட்ட பருப்பு, கீரை என்று கறிகளும், மாங்காய் ஊறுகாயும், பாயசமும் பரிமாறினார்கள். ரசத்துக்கு அங்கே பெயர் ராசோன். மிளகும் பூண்டும் தூக்கலாக, எங்கள் வீட்டு ரசத்தை விட நன்றாகவே இருந்தது என்பதை மனைவி எதிரில் இருந்தும் சொல்லிவிட்டேன்.

பக்கத்து இலையில் அந்தப் பாட்டி வந்து அமர்ந்தார். நாங்கள் எந்த ஊர் என்று பிரெஞ்சில் கேட்டறிந்ததும், கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கும் குடியேறியோர் பதிவேட்டிலிருந்து வாங்கிய நகல் அது: கப்பலின் பெயர், எண், வயது, உயரம், உடலில் இருந்த தழும்பு, ஊர். முப்பாட்டனின் ஊர் என்று விரலை வைத்துக் காட்டினார். பழைய ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டலில் இருந்ததை அவர் "கொம்பகோனோம்" என்று வாசித்தார். அதை நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டார்.

"கும்பகோணம்" என்றேன்.

அவர் எச்சில் கையை இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, என் வாயையே பார்த்தபடி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சொன்னபோது ணகரம் நழுவியது. மூன்றாம் முறை சரியாக வந்தது. உடனே எதிர்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த பேரனை அழைத்து, அவனையும் சொல்லச் சொன்னார்.