லில்லியும் நங்கூரமும்: ஒரு வெண்கலக் காசைப் படித்த மூன்று வாரங்கள்

பதினான்கு மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை கிராம் எடையும் கொண்ட இந்தக் காசு கைக்கு வந்தபோது, மண்ணும் களிம்பும் ஏறி, சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பித்தானைப் போலவே இருந்தது. உடன் வந்த சீட்டில் 'ஏழாம் அந்தியோக்கஸ், எருசலேம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. அலெக்சாந்தருக்குப் பின் மேற்கு ஆசியாவை ஆண்ட கிரேக்க அரசான செலூக்கியப் பேரரசின் கடைசி வலுவான மன்னனாகிய அவன் (கி.மு. 138–129) பெயரால் அந்நகரில் வெளிவந்த இவ்வகைக் காசுகள், பெரும்பாலும் செலூக்கிய ஆண்டு (கி.மு. 312-இலிருந்து எண்ணப்படுவது) 181 அல்லது 182-ஐத் தாங்கியிருக்கும். என் காசு எந்த ஆண்டினது என்று படித்துவிடுவதே நோக்கம்.

புளியும் எலுமிச்சையும் வீட்டுப் பித்தளைக்குச் சரி. பழங்காசுக்கு அவை எமன். எனவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, இளகிய மண்ணைப் பல்குச்சியால் மட்டும் நீக்கினேன். முதல் வாரம் நீர் கலங்கியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு பக்கத்தில் லில்லி மலர் தெரிந்தது. மறுபக்கம் செலூக்கியரின் குலச்சின்னமான நங்கூரம். அதன் இருபுறமும் 'நலம் புரிவோனாகிய மன்னன் அந்தியோக்கஸினுடையது' என்று பொருள்படும் கிரேக்க எழுத்துகள். மன்னனின் முகம் எங்கும் இல்லை. இவன் எருசலேமை முற்றுகையிட்டு, மதிலை இடிக்கவைத்து, 500 தாலந்து (பழங்கால எடை அளவு) கப்பம் பேசி, அதில் 300-ஐ உடனே வாங்கிக்கொண்டவன். ஆனால் முற்றுகையின் நடுவே யூதர்களின் கூடாரப் பண்டிகை வந்தபோது, கொம்புகளுக்குப் பொன் பூசிய காளைகளைப் பலிக்கு அனுப்பிவைத்தவனும் இவனே என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். உருவச் சிலைகளை ஏற்காத ஊரில் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு பூ அச்சாவதை அவன் பொறுத்துக்கொண்டதும் அதே கணக்கில்தான் சேரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டைத்தான் காணவில்லை. நங்கூரத்தை நேராகப் பிடித்து அடியில் தேடி இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகே, இக்காசில் அது தலைகீழாக நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவசரத்தில் குண்டூசியை எடுத்தது அடுத்த தவறு. ஓர் எழுத்தின் ஓரத்தில் பச்சைப் படலம் பெயர்ந்து, செம்பு நிறம் பளிச்சென்று வெளிப்பட்டது. அந்தத் தழும்பு இனிப் போகாது.

இறுதியில் உதவியது கைபேசி விளக்குத்தான். அறையை இருட்டாக்கி ஒளியைப் பக்கவாட்டில் படிய விட்டபோது, எண்களாகவும் பயன்பட்ட கிரேக்க எழுத்துகளான ரோ (100), பை (80) ஆகியவற்றுடன், ஒரு நெடுங்கோடும் அதை ஒட்டிய இரு புடைப்புகளும் நிழலாக எழுந்தன: பீட்டா, அதாவது 2. ஆல்ஃபாவாக (1) இருந்தால் புடைப்புகள் இரா. ஆக, ஆண்டு 182; கி.மு. 131 இலையுதிர் காலத்திலிருந்து 130 வரை. ஈரானை ஆண்ட பார்த்தியர்மீது அவன் படையெடுத்த காலத்தை ஒட்டிய காசு இது. மூன்று போர்களில் வென்று பாபிலோனியாவையும் மீதியாவையும் (இன்றைய ஈரானின் வடமேற்கு) மீட்டவன், குளிர்காலத்தில் படையை ஊர் ஊராகப் பிரித்துத் தங்கவைத்ததால் மக்களின் வெறுப்புக்கு ஆளாகி, கி.மு. 129-இல் அங்கேயே மாண்டான்.

மீதமுள்ள மண்ணை அப்படியே விட்டுவிட்டேன். ஈரத்தை நன்கு உலர்த்தி உறையிலிட்டிருக்கிறேன். குண்டூசி பட்ட இடத்தில் வெளிர்பச்சைப் பொடி (வெண்கலம் உள்ளிருந்து அரிபடுவதன் அறிகுறி) பூக்கிறதா என்று வாரந்தோறும் பார்த்து வருகிறேன், இதுவரை இல்லை.