வாடகைத் துப்பாக்கிகளின் ஆயுள்

டெக்ஸாஸில் ஹூஸ்டனுக்கு வெளியே துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ஓர் உள்ளரங்க ரேஞ்சில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். முதலில் கவுன்ட்டர், அப்புறம் பின்பக்க அறையில் வாடகைத் துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, பழுதுபார்த்து வைக்கிற மேஜை. கவுன்ட்டரில் நின்றவரை அதிகம் காதில் விழுந்த கேள்வி, "இதில் எந்தக் கம்பெனி நம்பகமானது, எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்பது. கேட்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள், ஒரே கேள்வி மாதிரி. பின்பக்க மேஜைக்குப் போன பிறகுதான் இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று எனக்கு நன்றாக விளங்கியது. இன்னும் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பலர் உயிர்ப் பாதுகாப்புக்காக, கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்குகிறார்கள்.

வாடகைத் துப்பாக்கி எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியில் 50 தோட்டா. சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் வருடத்துக்கு நாலைந்து பெட்டி சுட்டாலே அதிகம். ரேஞ்சில் இருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் அதை ஒரு சனிக்கிழமையிலேயே பார்த்துவிடும். அதுவும் ஒரே கையில் இல்லை, முதல்முறை பிடிப்பவர், மணிக்கட்டைத் தளரவிடுபவர், ஸ்லைடை (சுடும்போது பின்னால் போய் வருகிற மேல்பாகத்தை) இழுத்துப் பாதியில் விட்டுவிடுபவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். துடைக்க நேரம் கிடைக்காத நாட்களில் கரி அடை அடையாகப் படிந்த நிலையிலேயே அடுத்தவர் கைக்குப் போகும். அதனால் ஒரு வீட்டுத் துப்பாக்கி 20 வருடத்தில் காணாத தேய்மானத்தை அந்த வாடகை அலமாரியில் சீக்கிரமே பார்த்துவிடலாம்.

கோல்ட் நிறுவனத்தின் 1911 பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் வைத்த சோதனையில் அது 6,000 தோட்டாக்களைக் கோளாறில்லாமல் சுட்டது, சூடு ஏறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற கதை. அதே மாதத்தில் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு பெரிய அளவில் புதிதாக வாங்காமல், இருந்தவற்றையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து 1985 வரை ஓட்டினார்கள். முழு எஃகு உடம்பு, .45 தோட்டாவின் அழுத்தமும் குறைவு, சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு உச்சவரம்பு. 9 மி.மீ.க்கு இதுவே 35,000. அதனால் ஆயுள் என்று பார்த்தால் 1911-ஐ அசைக்க முடியாது. ஆனால் எப்போதும் தடங்கலில்லாமல் சுடுமா என்பது வேறு கேள்வி. காலி உறையைக் கொக்கி போட்டு இழுக்கிற அதன் எக்ஸ்ட்ராக்டர் ஒரே துண்டு எஃகு, தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்ய வேண்டும். அதன் இறுக்கம் குறைந்தால் காலி உறை வெளியே போகாமல் வாசலில் செங்குத்தாக நின்றுவிடும்.

எங்கள் ரேஞ்சுக்கு வாரம் ஒருமுறை வருகிற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர், ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பராமரிப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர். இறுக்கத்தை எப்படிச் சோதிப்பது என்று அவர்தான் காட்டினார். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, பேரலை (குழலை) எடுத்துவிட்டு, ஒரு போலித் தோட்டாவை எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் செருகி ஸ்லைடை மெல்ல ஆட்டினார். தோட்டா நழுவிக் கீழே விழுந்தது. எக்ஸ்ட்ராக்டரை உருவி, அதன் முனையை ஸ்லைடின் துளைக்குள் கொஞ்ச தூரம் விட்டு, கட்டை விரலால் அழுத்தி ஒரு மயிரிழை வளைத்தார். மறுபடி மாட்டி ஆட்டினார், விழவில்லை. பலமாக ஆட்டினார், விழுந்தது. "இவ்வளவுதான் வேண்டும், இதற்கு மேல் வளைத்தால் தோட்டா உள்ளேயே ஏறாது" என்றார். அளவுகோல் எதுவும் இல்லை, விரலின் பழக்கம்தான். 1911-ஐ ஒழுங்காக ஓட்ட இந்த விரல் பழக்கம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காதவருக்கு அந்த நூறு வருட ஆயுளால் என்ன பயன்?

இதற்கு நேர் எதிர்க்கோடியில் கிளாக். காஸ்டன் கிளாக் அதற்கு முன்னால் துப்பாக்கியே செய்ததில்லை, திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்த ஆஸ்திரியர். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய பிஸ்டலை எடுத்துக்கொண்டது. மொத்தம் 34 பாகங்கள்தான், ஊசிகளைத் தள்ளி எடுக்கிற ஒரே ஒரு கம்பியால் முழுவதையும் கழற்றிவிடலாம். அதன் சின்ன ஸ்பிரிங்குகளும் உடையும், அதில் சந்தேகமில்லை. 2010-ல் நான்காம் தலைமுறை வந்தபோது ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்கில் சிக்கல் வந்து, அடுத்த வருடமே நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்தது. ஆனால் மாற்றுப் பாகத்தை அப்படியே உள்ளே போட்டால் போதும், ராவ வேண்டாம், வளைக்க வேண்டாம். சனிக்கிழமை மதியம் வரிசையில் ஆள் நிற்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கிளாக்கின் பிடி எனக்கு அழகாகத் தோன்றியதில்லை, கையிலும் அவ்வளவு இதமாக உட்காராது. இருந்தாலும் யார் கேட்டாலும் அதன் பெயரைச் சொல்லாமல் இருந்ததில்லை.

நடுவில் பெரெட்டா. 1985-ல் 1911-க்குப் பதிலாக அமெரிக்க ராணுவம் எடுத்தது பெரெட்டா 92-ஐ, எம்9 என்ற பெயரில். ஸ்லைடின் மேல்பக்கம் திறந்தே இருப்பதால் காலி உறை சிக்குவதற்கு இடம் மிகக் குறைவு, ஓடும்போது எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். நம்பகத்தன்மையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். ஆனால் வந்த சில வருடங்களிலேயே, கடற்படையின் சிறப்புப் படையினர் பயிற்சியில் ஸ்லைடுகள் உடைந்து பின்பக்கமாக முகத்தை நோக்கி வந்தன. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதைப் பற்றி அறிக்கையே எழுதியது. அதன் பிறகு ஹேமரை (சுத்தியலை) பூட்டியிருக்கிற ஊசியின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறந்து வராமல் பிடித்து நிறுத்துகிற மாதிரி மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எஃகு என்றாவது ஒருநாள் சோர்ந்து உடையும் என்று ஏற்றுக்கொண்டு, உடைகிற அன்றைக்கு ஆளுக்கு அடிபடக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். அப்புறம் ஈராக்கில் எம்9 சிக்குகிறது என்று சிப்பாய்கள் குறை சொன்னார்கள். அதில் பெரும்பங்கு துப்பாக்கியுடையது அல்ல, குறைந்த விலைக்கு வேறோர் இடத்தில் செய்து வாங்கிய மேகசின்களின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடுகளின்) சொரசொரப்பான பூச்சில் மணல் ஒட்டிக்கொண்டதுதான். பழி முழுக்கத் துப்பாக்கியின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது.

ரேஞ்சிலும் எங்கள் தலைவலியில் பாதி மேகசின்தான். ஒரே பிஸ்டலுக்கு ஐந்தாறு மேகசின் இருக்கும், எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. "இது சிக்குது" என்று ஒருவர் திருப்பித் தருவார், நாங்கள் சுட்டுப்பார்த்தால் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் நாங்கள் வேறொரு மேகசினைப் போட்டிருப்போம். அந்த ஓய்வுபெற்ற பெரியவர் சொன்னபடி எல்லா மேகசினின் அடித்தட்டிலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எண் எழுதி, கோளாறு வரும்போதெல்லாம் நோட்டில் குறித்தோம். சில வாரத்திலேயே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு எண் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. பல தடவை கீழே விழுந்து, தோட்டாவைப் பிடித்திருக்கிற மேல் விளிம்பு விரிந்துபோன மேகசின். அதைத் தூக்கிப் போட்டதும் "மோசமான" துப்பாக்கி நல்ல துப்பாக்கியாகிவிட்டது. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த எண் எழுதும் வேலையைத்தான்.

சரி, ஆயுளும் நம்பகமும் வேறு என்றேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மற்ற இரண்டையும் விட முக்கியம்: உடையும்போது எப்படி உடைகிறது, முன்கூட்டி ஏதாவது காட்டிக்கொடுக்கிறதா? ஒரு பெரிய நிறுவனத்தின் பிஸ்டல், பெயர் வேண்டாம், எங்கள் அலமாரியில் எல்லோரும் விரும்பி எடுக்கிற துப்பாக்கியாக இருந்தது. ஒரு நாள் ஓர் அம்மா நாலாவது லேனிலிருந்து கையைத் தூக்கினார், துப்பாக்கியைக் குறிப்பலகை பக்கம் காட்டியபடியே அசையாமல் நின்றார், சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார். நான் வாங்கி மேகசினைக் கழற்றி, உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால், ட்ரிகர் செத்துப்போய்த் தொங்குகிறது. திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங் நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. அதற்கு முந்தின தோட்டா வரை ஒரு அறிகுறியும் இல்லை. வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. அந்த ஸ்பிரிங்கின் விலை சில டாலர், மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது அவ்வளவுதான், ஆனால் அதே துப்பாக்கி யாராவது ஒருவரின் படுக்கையறை மேஜையில் இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்று முழுக்க என்னை விடவில்லை. ரீகாயில் ஸ்பிரிங் அப்படி இல்லை, தளரத் தளரக் காலி உறைகள் வழக்கத்தை விடத் தூரமாகப் போய் விழும், சுடும்போது கையில் அடி கூடும், அது சொல்லிவிட்டுத்தான் போகும். பெரெட்டா, சிக் நிறுவனத்தின் பி226 போன்றவற்றுக்கு 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மாற்றுகிறவர்கள் குறைவு. சிஇசட்-75 என்ற செக் பிஸ்டலில் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பிடித்து நிறுத்துகிற பாகம்) உடையக்கூடும் என்று அதை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அதிகம் சுடுகிறவர்கள் பையில் உபரியாக ஒன்று வைத்திருப்பார்கள். தெரிந்த பலவீனம் எனக்குப் பயமில்லை.

ரிவால்வர் என்றால் சிக்கவே சிக்காது என்கிற நம்பிக்கை அமெரிக்காவில் மட்டுமில்லை, நம் ஊரிலும் உண்டு. ரிவால்வர் அரிதாகத்தான் நிற்கும், ஆனால் நின்றால் நின்றதுதான், பிஸ்டல் மாதிரி ஸ்லைடை ஒரு இழு இழுத்துத் தொடர முடியாது. எரியாத வெடிமருந்துத் துகள் கொஞ்சம் காலி உறைகளைத் தள்ளுகிற நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் போய்விட்டால் சிலிண்டர் சுற்றாது. எஜெக்டர் கம்பி திருகு கழன்றால் சிலிண்டரைத் திறக்கவே முடியாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 19 அழகான ரிவால்வர், 1950-களில் வந்தது, ஆனால் பேரலின் பின்முனையில் அடிப்பக்கம் இடம் போதாமல் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன் எடைக் குண்டுள்ள மேக்னம் (அழுத்தம் அதிகமான) தோட்டாக்களை நிறையச் சுட்டபோது அந்த இடத்தில்தான் விரிசல் விட்டது. 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் 686 மாதிரியான கொஞ்சம் பெரிய உடம்புக்குப் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ரூகரின் ஜிபி100-உம் அதே பத்தாண்டில் வந்தது, தடித்த உடம்பு, அழகுப் போட்டியில் நிற்காது, ஆனால் மேக்னம் சுட வேண்டும் என்று வருபவருக்கு நான் எடுத்துக்கொடுத்தது அதைத்தான்.

தோட்டாவும் கணக்கில் வர வேண்டும். 1990-ல் .40 தோட்டா வந்தபோது பல நிறுவனங்கள் 9 மி.மீ.க்காகச் செய்த உடம்பிலேயே அதை ஏற்றின. உதை அதிகம், ஸ்லைடு வேகமாகப் பின்னால் போகும், தேய்மானம் கூடும். எஃப்.பி.ஐ. பல வருடம் .40 வைத்திருந்துவிட்டு, 2016-ல் மறுபடி 9 மி.மீ. கிளாக்குக்கு ஒப்பந்தம் போட்டது. அதனால் ஒரே பிராண்டு, ஒரே மாடல், இரண்டு வகைத் தோட்டா என்றால் அவற்றை ஒன்றாக வைத்துப் பேசவே கூடாது.

இன்னொன்று, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது. சிக் பி320 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் போட்டியில் ஜெயித்தது, ஆகஸ்ட்டில் அதன் பொதுச்சந்தை மாடல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் தானே வெடிக்கிறது என்று வெளியே வந்து, நிறுவனம் ட்ரிகர் பாகங்களை எடை குறைத்து மாற்றித் தந்தது. ஆயிரக்கணக்கில் சிக்காமல் சுடுகிற துப்பாக்கியும் ஒரு விஷயத்தில் கோட்டைவிடலாம். சுடச் சொன்னபோது சுடுவது மாதிரியே, சொல்லாதபோது சுடாமல் இருப்பதும் நம்பகம்தான்.

இடையில் வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும், இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்காக. தோட்டாவைப் பற்றவைக்கிற பிரைமரில் ஈயம் இருக்கிறது, சுத்தம் செய்கிற மேஜையில் கையிலும் மூச்சிலும் அது ஏறும். ரத்தத்தில் ஈயத்தின் அளவைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், அந்த அறையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும், வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுக்காத இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள்.

இப்போது யாராவது பிராண்டு கேட்டால் நான் திருப்பி மூன்று விஷயம் கேட்கிறேன்: வருடத்துக்கு எவ்வளவு சுடுவீர்கள், ஸ்பிரிங் நீங்களே மாற்றுவீர்களா, பக்கத்தில் கை தெரிந்த பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா. நாலைந்து பெட்டிதான் என்றால் மேலே சொன்ன எந்த நிறுவனத்தின் துப்பாக்கியும் அவர் ஆயுளைத் தாண்டும், கையில் சரியாக உட்காருவதை எடுக்கட்டும். மாதத்துக்கு ஆயிரம் சுடுகிறவர் என்றால் உதிரி பாகம் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியின் விலையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு பலமில்லாதவர் என்றால் இலகுவான பாலிமர் பிஸ்டல் சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம், எஃகு உடம்புள்ள சிஇசட் மாதிரி கனமானதைச் சுட்டுப் பார்க்கச் சொல்வேன்.

நான் வேலையை விடுகிற சமயத்தில் மேஜைக்கு அதிகம் வந்தவை கோளாறான துப்பாக்கிகள்கூட இல்லை. அவற்றின் மேலே பூட்டியிருக்கிற, குறிபார்க்க உதவுகிற சிவப்புப் புள்ளி லென்ஸ்கள். இரண்டு பொடி திருகுதான், ஸ்லைடு அடிக்கிற ஒவ்வொரு அடியையும் அவை தாங்க வேண்டும். டார்க் ரெஞ்சு (அளவோடு முடுக்குகிற கருவி) வைத்து முடுக்காமல், திருகுக்குப் பசை போடாமல் பூட்டியது சில பெட்டிக்குள் ஆட ஆரம்பித்துவிடும், "குறி தப்புது, துப்பாக்கி மட்டம்" என்று கொண்டுவந்து வைப்பார்கள். பசை போட்டு முடுக்கி, திருகுத் தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து பெயின்டில் ஒரு கோடு போட்டுக் கொடுப்போம், கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.