திருக்கோவில் வேலியில் ஒரு கார்த்திகைப்பூ அந்து

மாரி தொடங்கியபின் கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வீதியில், தம்பிலுவில் வந்ததும் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிவிடுவேன். வேலியோரப் பற்றைகளில் கார்த்திகைப்பூக் கொடி ஏறி நிற்கும் காலம் அது. எல்லாரும் பூவைப் படம் எடுப்பார்கள். நான் தேடுவது இலையை அரிக்கிற ஓர் அந்துப்பூச்சியின் புழுவை.

இம்முறை திருக்கோவில் ஊரில் ஒரு வீட்டு வேலியில் கிடைத்தது. கறுப்பு உடம்பு, அதில் தெளித்துவிட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் சிவப்புத் திட்டுகள். இலை விளிம்பைக் கவ்வி, தலையை மேலிருந்து கீழாக இறக்கி இறக்கித் தின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்த என்னைக் கண்ட வீட்டுக்கார அம்மா, “தொடாத மனே, மயிர்க்கொட்டி!” என்றார். மயிர்க்கொட்டிபோல அடர்ந்த மயிர் இதற்கு இல்லை என்று காட்டியதும் அவரும் கிட்ட வந்து பார்த்தார்.

இதன் அறிவியல் பெயர் பொலிடெலா குளோரியோசே. 1781இல் டென்மார்க் பூச்சியியலாளர் பப்ரீசியஸ் விவரித்த இனம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சொந்தமானது. தாய் அந்து இலையில் கூட்டமாக முட்டையிடும். குஞ்சுப் புழுக்கள் முதலில் ஒன்றாகவே மேயும், வளர்ந்தபின் பிரிந்துபோகும். கார்த்திகைக் கிழங்கிலும் இலையிலும் உள்ள கொல்கிசின் மனிதரைக் கொல்லக்கூடிய நஞ்சு. அதே இலையைத் தின்றுதான் இது கொழுக்கிறது! முற்றத்து லில்லிச் செடிகளையும் விடாது.

இரண்டு மூன்று கிழமையில் புழு கொடியைவிட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அப்புறம் வெளியே வரும் அந்துவின் முன்சிறகில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக நெருங்கிக் கிடக்கும். சிறகை விரித்தாலும் மூன்று சென்ரிமீற்றர் அளவுதான்.

கொடியும் அதன் அடி மண்ணும் இருந்தால் இதற்குப் போதும். அதனால்தான் வேலி துப்புரவு செய்கிறோம் என்று பற்றையை வேரோடு கிளறி எரிப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. புழுவோடு மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவும் போய்விடும். இலை போனாலும் கிழங்கு இருக்கும்வரை அடுத்த மாரிக்குக் கொடி தளிர்க்கும், மருந்தடிக்கத் தேவையே இல்லை. அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். “சரி, பூ முடியுமட்டும் வெட்டமாட்டன்” என்றார். பூ முடிந்த பிறகும் அடி மண்ணைக் கொத்தாமல் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.