மஞ்சள் பைக்குள் பதினோரு பாட்டில்

"மருந்து ஏதும் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார் அந்த அம்மா. படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அவர் வந்த மூன்று முறையும் இதேதான் நடந்தது.

மதுரையில் குழந்தைகள் வளர்ச்சி மையம் ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். அந்த அம்மாவின் பையனும் அப்படித்தான், ஐந்து வயது. நான்காவது முறை வந்தபோது முகமே வாடிப்போயிருந்தது. சாப்பாட்டைத் தொடுவதில்லை, அடிக்கடி வாந்தி, வயிறு நான்கு நாளாகப் போகவில்லை. என் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். பத்து நிமிடத்தில் மறுபடியும் கை நீட்டினான். கூட வந்திருந்த அப்பத்தாதான் வாய் திறந்தார். "ராத்திரியெல்லாம் தண்ணி கேக்குறான் தாயி. படுக்கையெல்லாம் நனைச்சிடுறான். அத்தனை டானிக் குடுத்தும் உடம்பு தேறலையே."

எத்தனை டானிக்? மறுநாள் அந்த அம்மா மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மொத்தம் பதினொன்று. மீன் எண்ணெய் மாத்திரை, கால்சியம் சிரப், வைட்டமின் டி சொட்டு மருந்து, கரடி பொம்மை வடிவ வைட்டமின் மிட்டாய், துத்தநாகம், மெக்னீசியப் பொடி, குடலுக்கு நல்லது என்று ஒன்று, ஒட்டகப்பால் பவுடர், வல்லாரை சிரப், பெயரே ஒட்டாத பழுப்புப் பொடி, கடைசியாக வைட்டமின் டி3 பாக்கெட்டுகள். ஒவ்வொரு மூடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் 'கா', 'ம', 'இ' என்று எழுதியிருந்தார். காலை, மதியம், இரவு. சில மூடிகளில் எழுத்து அழிந்து, அதன் மேலேயே திரும்ப எழுதியிருந்தது. இவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கிற தாயை நான் அதிகம் பார்த்ததில்லை.

காகிதம் எடுத்து வைட்டமின் டி-யை மட்டும் கூட்டினேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட். 3,000-ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். அந்த டி3 பாக்கெட் ஒன்றில் இருப்பது 60,000. ஒரு மருத்துவர், குறைபாடு இருந்ததால், வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வாரங்களில் பையன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான் என்று அந்த அம்மாவுக்குத் தோன்ற, சீட்டு முடிந்தும் ஏழு மாதமாக நிறுத்தவில்லை. அதையே நாளுக்குப் பங்கு போட்டால் 8,500-க்கு மேல். சிரப், சொட்டு, மிட்டாய், மீன் எண்ணெய் எல்லாம் சேர்ந்து 10,000-ஐத் தாண்டியது.

வைட்டமின் சி அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, கொழுப்பில் தங்கிவிடும். தங்கித் தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். கால்சியம் ஏறினால் குடல் மந்தமாகும், வாந்தி வரும், சிறுநீர் அதிகம் போகும், அதனால் தாகம் அடங்காது. அந்தப் பையன் வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது. அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். கால்சியம் மிக அதிகம். உள்நோயாளியாகச் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். சீராகச் சில வாரங்கள் ஆயின.

"ஏம்மா, மருந்து குடுக்கலைன்னு சொன்னீங்களே?" என்று பின்னர் ஒரு நாள் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அது சத்து டானிக்தானே மேடம், மருந்து இல்லையே" என்றார். தவறு என் கேள்வியில் இருந்தது. மருந்து என்றால் நோய்க்குத் தருவது, டானிக் என்றால் சத்துக்குத் தருவது. நம் வீடுகளில் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தும் மூன்று முறை அதே வார்த்தையில் கேட்டிருக்கிறேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அந்தப் பதினொன்றையும் ஒரே ஆள் எழுதிக்கொடுக்கவில்லை. ஒரு மருத்துவர், ஒரு மருந்துக்கடைக்காரர், சொந்தக்காரர் ஒருவர், வாட்ஸ்அப் குழு, 'உடம்பிலுள்ள நச்சை எடுக்கிறோம்' என்று சொல்லி நான்கு பாட்டிலைத் தானே விற்ற ஓர் இடம். முழுப் பையையும் பார்த்தவர் யாருமில்லை. நச்சை எடுக்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005-இல் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன், உலோகங்களை வெளியேற்ற ஏற்றிய ஊசியால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்தே போனான்.

'ஆனா அவன் மாறினானே மேடம்' என்று கேட்பார்கள். மாறியிருப்பான். அதே மாதத்தில்தான் பேச்சுப் பயிற்சி தொடங்கியிருக்கும், வயதும் ஏறியிருக்கும், வீடே அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். 1998-இல் செக்ரிடின் என்ற ஹார்மோன் ஊசியால் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகள் தேறியதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே சுமார் 60 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு செக்ரிடின், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முன்னேறினார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மையத்தின் வராந்தாவில் தினமும் அவர்களைப் பார்க்கிறேன்.

உணவை நிறுத்துவதும் இப்படித்தான். கோதுமையும் பாலும் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆட்டிச அறிகுறிகள் அதனால் குறையும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இட்லி, தோசை, சோறு என்று ஓடும் நம் சமையலில் கோதுமையை விடுவது பெரிய காரியமில்லை (கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருப்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்). அடி விழுவது தயிரில். தயிர்சாதம் ஒன்றை மட்டுமே உண்ணும் நான்கு வயதுப் பெண்ணுக்குத் தயிரை நிறுத்தியதில் ஒரே மாதத்தில் ஒன்றரை கிலோ குறைந்திருந்தாள். அவளுக்குப் புரதமும் கால்சியமும் வந்த ஒரே வழி அதுதான்.

எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். தூக்கமில்லாத பிள்ளைகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மெலடோனின் நன்றாக உதவுகிறது. பிஸ்கட்டும் பாலும் தவிர எதையும் தொடாத பிள்ளை நடக்க மறுத்தால், ஈறில் ரத்தம் வந்தால், வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வியா என்று பார்க்கச் சொல்வேன். இந்தக் காலத்திலும் அது வருகிறது.

இப்போது நான் மருந்து என்று கேட்பதில்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் பிள்ளை வாயில என்னென்ன போகுது? எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்கிறேன். பை வந்ததும் எதையும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை பை வராது.

அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டார், "அப்ப நான் என்னதான் மேடம் குடுக்குறது?" அவர் கைகளைப் பார்த்தேன். ஏழு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை மூடி திறந்த கைகள். சும்மா இருங்கள் என்று சொல்ல முடியவில்லை. பையன் மெல்லிய வெள்ளைத் தோசை மட்டும் சாப்பிடுவான். அந்த மாவில் அரை ஸ்பூன் அடித்த முட்டை கலக்கச் சொன்னேன். நிறம் மாறக் கூடாது, வாரம் அரை ஸ்பூனுக்கு மேல் கூட்டக் கூடாது. இரண்டாவது வாரம் தட்டைத் தள்ளிவிட்டான். திரும்பக் கால் ஸ்பூனில் இருந்து தொடங்கினார். நான்காம் மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதே ஸ்கெட்ச் பேனா எழுத்து. கடைசி வரியில் 'முழு முட்டை, ரெண்டு தோசை' என்று இருந்தது.