அயர்லாந்துக் கூடைகளும் கேம்பல் லேன் மாலைகளும்

பழைய கைத்தொழிலிலிருந்து புதிய கலை படைப்பவர்களில், அத்தொழிலின் அன்றாட வேலையை முதலில் கையால் பழகியவர்களின் படைப்புகளையே நான் நம்பி அணுகுகிறேன். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில், லாக் நா ஃபூயி ஏரிப் பகுதியில் கூடை முடையும் ஜோ ஹோகனை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

1978இல் அங்கே குடியேறிய அவர், தமக்கு வேண்டிய வில்லோ என்னும் மரத்தின் மிளாறுகளைத் தாமே வளர்த்து, இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டி, உலர்த்தி, முடைவதற்கு முன் நீரில் ஊறவைத்து வளையும் பதத்துக்குக் கொண்டுவருகிறார். பல ஆண்டுகள் அவர் முடைந்தவை பெரும்பாலும் உழவர் வீட்டுக் கூடைகள். அவற்றுள் கிரீல் எனப்படும் சுமைகூடையின் செய்முறை என்னை வியக்க வைக்கிறது. தடித்த குச்சிகளைக் கூடை வாயின் அளவுக்கு மண்ணில் ஊன்றி, வாய்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னி, கை நுழையும் அளவுக்கு ஒரு வரிசை இடைவெளி விட்டு, மீண்டும் பின்னி, கடைசியில் குச்சிகளை வளைத்து அடிப்பகுதியை மூடுவார்கள். மண்ணிலிருந்து பிடுங்கி நிமிர்த்திய பிறகே அது கூடையாகக் கண்ணுக்குத் தெரியும். அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி உலர்த்திய பீட் மண்கட்டிகளை மனிதர் முதுகிலும் கழுதை முதுகிலும் சுமந்தவை இவை.

அந்தப் பழக்கத்தோடுதான் அவர் பின்னாளில் வேறு வகைப் படைப்புகளுக்குச் சென்றார். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த மரத்துண்டுகள் மிளாறுகளோடு இணையும் அவருடைய கலைக்கூடைகள் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் மிளாறு எதுவரை வளையும், எங்கே முறியும் என்பதைச் சுமைகூடைகளில் கற்ற கையின் உறுதி அவற்றில் தெரிகிறது. 2018இல் லோயெவே என்னும் ஸ்பானிய ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் பன்னாட்டுக் கைவினைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

மரபை மாற்றலாமா என்று தயங்குவோர் அயர்லாந்துக் குரோஷே லேஸைப் பார்க்கலாம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், ஏழைப் பெண்களுக்கு வருவாய் தேடித் தருவதற்காகப் பரவிய வேலை அது. வெனிஸ் நகரத்து ஊசி லேஸின் தோற்றத்தைக் கொக்கி ஊசியால் விரைவாகக் கொண்டுவந்தது. ஒரு காலத்தின் அவசரத் தேவைக்குப் பிறந்த அந்தப் புதுமையே இன்று அந்நாட்டின் மரபாகப் போற்றப்படுகிறது.

புதியதைப் படைக்குமுன் தொழிலைக் கையால் பழக வேண்டும் என்ற எண்ணம் சிங்கப்பூரில் எனக்கு வருவது, லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மாலை கட்டுவோரைக் காணும்போது. நூலை எவ்வளவு இறுக்கினால் மல்லிகைக் காம்பு நசுங்காமல் நிற்கும் என்பதை அவர்களின் விரல்கள் அறியும். மாலையைக் கருப்பொருளாக எடுக்கும் நம் இளங்கலைஞர்கள், ஒரு நாள் பயிலரங்கோடு நின்றுவிடாமல், சில மாதங்களாவது அவர்களுடன் அமர்ந்து சரம் கட்டப் பழக வேண்டும். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர்களின் வியாபாரம் தடைபடும்; ஆகவே கலைத் திட்டங்களுக்கு நிதி கேட்போர், அவர்களுக்கான ஊதியத்தையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்க வேண்டும்.