அம்மா வைத்த நேர்த்தி: ஆயித்தியமலை நடைப்பயணம்

நேர்த்தி அம்மாவுடையது, நடந்தது நான். வைத்தவர்தான் நடக்க வேண்டும் என்று சின்னம்மா பிடிவாதமாக நின்றார். அம்மாவின் முழங்கால் வலையிறவுப் பாலம் வரைகூடத் தாங்காது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். "சரி, நீ அவ பெத்த புள்ளதானே. அவட கால் உன்ட கால்தான்" என்று தீர்ப்புச் சொன்னார், ஏதோ மாதாவிடமே நேரில் கேட்டுவிட்டு வந்தவர் போல. அதோடு விடவில்லை. நீ தனியே போனால் செபமாலையை ஒழுங்காகச் சொல்லமாட்டாய் என்று தானும் கூட வந்தார்.

ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவைப் பற்றி மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செப்டெம்பர் பிறந்தால் வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரைச் சனம் மேற்கே படுவான்கரைக்கு நடக்கத் தொடங்கிவிடும். ஆனால் அம்மா எதற்காக நேர்ந்தார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு விசா, மகளுக்குக் கலியாணம் என்று கேட்டு வைத்த நேர்த்தி அல்ல இது.

அம்மா தைக்கிறவர். பள்ளிச் சீருடை, கலியாணச் சட்டை எல்லாம் தைப்பார். ஆனால் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு உடுப்பு என்றால்தான் அவருக்கு உயிர். மெஷினுக்கு மேலே சுவரில் சதா சகாய மாதா படம் தொங்கும். உரோமையில் இருக்கும் அந்தப் பழைய படத்தின் எத்தனையாவது பிரதியோ, நிறம்கூடச் சரியாக விழவில்லை. சிலுவை, ஈட்டி என்று பாடுகளின் ஆயுதங்களோடு வந்த வானதூதர்களைக் கண்டு பயந்து, ஓடிவந்து தாயின் கையைப் பிடித்திருக்கும் குழந்தை இயேசு. ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று காலில் தொங்கும். சின்ன வயதில் நான் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், எப்போது விழும் என்று.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அம்மா புளியந்தீவு பெரிய கோவிலில் காலைப் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வந்து சட்டிகூட அடுப்பில் வைக்கவில்லை, குண்டு வெடித்த சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயம். மறைக்கல்வி முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள். குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலிலேயே மறித்து உயிரைக் கொடுத்த ஒரு தகப்பன். பிறகு வந்த செய்திகளில் ஒன்றுதான் அம்மாவைப் படுக்க வைத்தது: அவன் முதலில் வந்தது புளியந்தீவுக் கோவிலுக்குத்தான், பூசை முடிந்திருந்ததால்தான் அங்கிருந்து போனான் என்று.

சில வாரங்கள் பூசை இல்லை. தொடங்கிய பிறகு வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அம்மா வாசல் வரை வருவார், பையைத் திறந்து காட்டுவார், அப்புறம் தலை சுற்றுகிறது என்று திரும்பிவிடுவார். உள்ளே போனாலும் கதவுக்குப் பக்கத்துக் கடைசி வாங்கில்தான். முதுகில் பையோடு எந்தப் பொடியன் வந்தாலும் செபமாலை பாதியில் நின்றுவிடும். ஒரு நாளும் புதன்கிழமை நவநாளைத் தவறவிடாத மனிசி.

ஒரு நாள் இரவு மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து படத்தைப் பார்த்து வாய்விட்டுச் செபித்ததைக் கேட்டேன். "ஆபத்து வராமப் பாத்துக்கொள்ளும் எண்டு கேக்க எனக்கு வாய் வருகுதில்ல தாயே. அந்தப் புள்ளைகள்ற தாய்மாரும் அப்பிடித்தானே கேட்டிருப்பாங்க. நான் அதைக் கேக்கல்ல. என்ட பயத்த எடும். முன் வாங்கில இருந்து ஒரு முழுப் பூசை காண வையும். உம்மட மலைக்கு நடந்து வாறன்."

மாதா உடனே செய்துவிடவில்லை. அம்மாவே ஒரு அடி வைத்த பிறகுதான் நடந்தது. எப்படி என்றால், அந்த வருடமும் முதல் நன்மைக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். உடுப்புக்கு லேஸ் வேண்டும். அம்மா லேஸ் வாங்குவது காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், நான் பிறக்கும் முன்பிருந்தே. குண்டுக்காரர்கள் அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்த நாட்களில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்களைப் பற்றி வேலிக்கு வேலி கதை. டவுனிலே வாங்கினால் என்ன என்று சின்னம்மாவே கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. புதன்கிழமை நவநாளுக்குப் போய் வழக்கம்போலக் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, வியாழக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நடு வீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் அந்த மெயின் ரோட்டில் அன்றைக்குச் சனமே இல்லை. கடை பாதிதான் திறந்திருந்தது. நானா எங்களைக் கண்டு எழும்பினார், ஒன்றும் பேசவில்லை. அம்மா எத்தனை கஜம் என்று சொன்னார். அவர் அளந்தார். கணக்குத் தவறிவிட்டது. திரும்ப அளந்தார். இன்னும் ஒருமுறை தவறியது. அப்போது அம்மா லேஸின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, "நானா, நான் பிடிக்கிறன், நீங்க எண்ணுங்க" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அளந்து முடித்தார்கள். காசை எடுக்கமாட்டேன் என்றார் நானா. "எடுக்காட்டி இனி இந்தக் கடைக்கு வரமாட்டன்" என்றார் அம்மா. எடுத்தார்.

முதல் நன்மைப் பூசைக்கு அம்மா போனார். தன் கையால் தைத்த வெள்ளை உடுப்புகளைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று முன் வாங்குக்கே போனார். பூசை முழுவதையும் கண்டார். வெளியே வந்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. நேர்த்தி பலித்துவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்றார். அப்புறம் கொரோனா வந்தது, பெற்றோல் வரிசை வந்தது, கடைசியில் முழங்கால். அப்படியே தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் என் தலையில் வந்து இறங்கியது.

இருட்டோடு நடக்கத் தொடங்கினோம். வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று நன்றாக இருந்தது. சண்டைக் காலத்தில் இந்தப் பாதையில் நின்ற சோதனைச் சாவடியை வயதானவர்கள் நினைவுபடுத்தினார்கள். அடையாள அட்டை, உடம்புச் சோதனை, அதற்கு அங்கால் புலிகளின் ஆட்சி. அப்போதும் மாதாவிடம் போய் வந்தவர்கள் இருந்தார்கள். கூட வந்த ஒரு பெரியவர் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். ஃபாதர் ஏபேர்ட் தங்களுக்குப் பாஸ்கெட்போல் பழக்கிய கதையைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடப்போன இளைஞரோடு காணாமல் போனார். கலவரத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்காகப் போனவர். "ஃபாதருக்குப் பயமில்லை எண்டு நினைக்கிறியா புள்ள? பயந்துகொண்டுதான் போயிருப்பார்" என்றார் பெரியவர்.

வவுணதீவைக் கடக்கும்போது சின்னம்மா செபமாலையைக் கொஞ்சம் நிறுத்தினார். 2018 நவம்பர் கடைசியில் இங்கேதான் காவலில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். அடுத்த ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகுதான் அதுவும் அதே கூட்டத்தின் வேலை என்று தெரிந்தது. அந்த இரண்டு பேருக்கும், செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்தவருக்கும் செபமாலையில் ஒரு பத்துமணி சொன்னோம்.

விடிந்த பிறகுதான் சோதனை ஆரம்பம். வெயில் சுள்ளென்று ஏறியது. ரோட்டின் ஒரு பக்கம் நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தால் மோட்டார் சைக்கிள்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. எங்களுக்கு முன்னால் ஒரு இளைஞர் கூட்டம் ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனது. பக்திப் பாட்டுத்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சத்தத்தில் மாதாவே தன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். ஒதுங்கிப் போகவிட்டால் அவர்களும் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். சரி, ஒப்புக்கொடுத்தேன்.

என் இடது குதிக்காலில் கொப்பளம் வெடித்துவிட்டது. சொக்ஸ் ஒட்டிக்கொண்டது. ஒரு பிள்ளையார் கோவிலடியில் தாகசாந்திப் பந்தல் போட்டிருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "இரு மகள்" என்று வாங்கில் இருத்தினார். கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடந்து போகிறவராம். காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, சொக்ஸை நனைத்துக் கழற்றி, தேங்காயெண்ணெய் பூசி, பழைய வெள்ளைச் சீலையில் கிழித்த துண்டைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு குதிக்காலில் வராமல் மேலே கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டினார். "கந்தனிட்டப் போனாலும் மாதாட்டப் போனாலும் கொப்பளம் ஒண்டுதான்" என்று சிரித்தார். அந்தக் கட்டு அவிழவேயில்லை. தாயே, அவருக்கு நல்ல சுகத்தைக் கொடும்.

கோவிலடியைப் பற்றி என்ன சொல்ல! கச்சான் கடை, ஐஸ்கிரீம் வான், வளையல் கடை, கால் வைக்க இடமில்லை. மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாசலுக்குக் கிட்டப் போகப் போக விலை ஏறுகிறது. வரிசையை ஒழுங்குபடுத்த நின்ற தம்பி, நடந்து வந்தவர்களையும் காரில் வந்து இறங்கியவர்களையும் ஒரே மாதிரி விரட்டினான், அந்த அளவில் நீதியானவன். மாதாவுக்கு முன்னால் போய் நின்றால் முன்னே நிற்பவர் முதுகைத் திருப்பி செல்ஃபி எடுக்கிறார்.

எல்லாம் பொறுத்து, முன்னால் போய்விட்டேன். அம்மா ஒரு துண்டு தந்திருந்தார், தையல் அளவுக் கொப்பியிலிருந்து கிழித்தது. பின்பக்கம் யாருடையதோ மார்பளவும் கையளவும் இருந்தது. "மனசுக்குள்ள வாசிக்காத. வாய்விட்டு வாசி" என்பது கட்டளை. மூன்று வரிதான்.

முதலாவது, லேஸ் கடை நானாவின் மனைவிக்குச் சத்திரசிகிச்சை, நல்லபடி முடிய வேண்டும். வாசித்தேன்.

இரண்டாவது, சீயோனில் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மாருக்கு ஆறுதல். வாசித்தேன். பக்கத்தில் நின்ற பெண் தன் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது வரியில் கண் போனதும் தொண்டை அடைத்தது. "குண்டோட வந்த பொடியனைப் பெத்த தாய்க்கும் ஆறுதல் குடும் தாயே. அவளும் புள்ளையப் பறிகொடுத்தவள்."

மட்டக்களப்புச் சனம் சுற்றி நிற்கிறது. இதில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசாமல் துண்டை மடித்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகிறது. கால் கட்டுக்குள் நெருப்பாய் எரிகிறது. பின்னால் இருந்து தள்ளுகிறார்கள். நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வந்தது வீட்டுப் படத்தில் அந்தக் கழன்ற செருப்புத்தான். பயந்து ஓடிவந்தவர்தானே அவரும்.

வாசித்தேன். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு ஆள், "இதுக்கெல்லாமா மாதாட்ட வாறது?" என்றார். அவர் கோபத்தை நான் பிழை சொல்லமாட்டேன். சால்வைப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கொஞ்சம் ஒதுங்கி நான் முழங்காலில் நிற்க இடம் விட்டார். நின்றேன். அழுகை வந்ததை மறைக்கவில்லை. அம்மா அந்த வரியை எழுத எத்தனை வருடம் பிடித்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். எங்கள் வீட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே இது நடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

பிரசங்கத்தில் ஃபாதர் திருத்தூதர் பணிகள் நாலாம் அதிகாரத்தை எடுத்தார். பேதுருவையும் யோவானையும் மிரட்டி விட்ட பிறகு சீடர்கள் கூடிச் செபிக்கிறார்கள். மிரட்டல் ஒழிய வேண்டும் என்றல்ல, துணிவோடு பேச வரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சின்னம்மா என்னை இடித்தார். "கொம்மா கேட்டதுதான்" என்றார். என் அம்மா தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், பைபிளைத் தேடி வாசித்து அப்படிக் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பரிசுத்த ஆவியானவருக்கே நன்றி.

நன்றி தாயே, பயத்தை எடுத்ததற்கு. முழுதாக எடுக்காமல் கொஞ்சம் விட்டு வைத்ததற்கும் நன்றி, அதனால்தானே உம்மிடம் வருகிறோம். படுவான்கரையில் பந்தல் போட்டுத் தண்ணீர் தந்த எல்லாருக்கும், இருட்டில் டோர்ச் அடித்து யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொன்ன பொடியன்களுக்கும், விரட்டிய தம்பிக்கும், ஸ்பீக்கர் கூட்டத்துக்கும்கூட.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா போன் எடுத்தார். கால் எப்படி என்று கேட்கவில்லை.

"மூண்டாவதையும் வாசிச்சியா?"

"வாசிச்சன்."

"சத்தமா?"

"சத்தமாத்தான். பின்னுக்கு நிண்ட ஒரு ஆள் ஏசினார்."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "அவருக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப்போட்டு வா. இன்னும் கோவிலடியிலதானே நிக்கிறாய்?"

சின்னம்மாவும் நானும் திரும்பிப் போய்ச் சொன்னோம். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டுதான் வந்தோம்.